எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது?

ஆடிப்பூரத் தேர் ஓடும் நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளிலுள்ள நம் அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில் வேறொரு கவலையும் குடிகொண்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எந்தப் பொறியியற் கல்லூரியில் சேர்ப்பது என்பதே அக்கவலை. தறிக்குழியில் அமர்ந்திருக்கும் தந்தைக்கும் மாந்தோப்பில் காவலிருக்கும் தந்தைக்கும் இதில் வேற்றுமையில்லை. இருவரும் அறியாத ஒரு துறையில், தங்கள் வாழ்நாளிலேயே பெரிய செலவொன்றைப் பற்றி, சில நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டியவர்களாகிறார்கள்.

மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அண்மையில் வசிக்கும் நெசவாளர் ஒருவரின் மகளுக்கு நேர்ந்ததை முதலில் கூறிவிடுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பெண் 200க்கு 178 கட்-ஆஃப் மதிப்பெண் பெற்றாள். மதுரையிலுள்ள ஒரு கல்லூரியில் மின்னணுவியல் படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. விருப்பப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது தாய்மாமன் குறுக்கிட்டார். “பெரிய கல்லூரியை முதலில் எழுதினால் இருப்பதும் கைநழுவிப் போகும், அம்மா. நிச்சயமாய்க் கிடைப்பதை முதலில் எழுது, மதுரையை இரண்டாவதாக வைத்துக்கொள்” என்றார். அன்பினால் சொன்ன வார்த்தை. வீட்டில் எவரும் மறுக்கவில்லை. அவ்வாறே முதலில் எழுதிய அருகிலுள்ள கல்லூரி கிடைத்தது. பின்னர் அவ்வாண்டு எந்தக் கல்லூரியில் எந்த மதிப்பெண் வரை இடம் போயிற்று என்ற விவரம் வெளியானபோது, அதே வகுப்புப் பிரிவில் அவளைவிட மூன்று மதிப்பெண் குறைந்த மாணவிக்கு மதுரையில் அந்த இடம் கிடைத்திருப்பது தெரிந்தது. பாவு முழுவதும் நெய்து முடித்தபின் அச்சில் ஓர் இழை தப்பியிருப்பதைக் கண்டவன் போலானேன் என்று அத்தந்தை எம்மிடம் கூறினார்.

இத்தவறு அவர்கள் வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. ஆண்டுதோறும் நிகழ்கிறது. இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, பழைய முறையின் நினைவும் ஆகும். 2017 வரை பொறியியல் கலந்தாய்வு சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடைபெற்றது. தந்தையும் பிள்ளையும் இரவு இரயிலேறிச் சென்று, தங்கள் முறை வரும்வரை காத்திருந்து, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிஞ்சியிருக்கிறது என்பதைத் திரையில் பார்த்து, அங்கேயே ஒன்றைச் சொல்லிவிட்டு வருவார்கள். அலைச்சல் பெரிதுதான். ஆயினும் மிஞ்சியிருப்பது கண்முன் தெரிந்தது. 2018 முதல் கலந்தாய்வு இணைய வழியாயிற்று. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதனை நடத்திவருகிறது. இப்போது பிரயாணச் செலவு இல்லை. ஆனால் எது மிஞ்சும் என்பதை அறியாமலேயே முன்கூட்டி ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி எழுதும்போது அச்சம் பிறப்பது இயல்பு. அந்த அச்சமே தாய்மாமன் வாயிலாகப் பேசிற்று.

அப்பட்டியலைக் கணிப்பொறி எவ்வாறு படிக்கிறது என்று தெரிந்துவிட்டால் அச்சம் நீங்கிவிடும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்டு மாணவர்களைத் தர வரிசையில் நிறுத்துகிறார்கள். முதல் மாணவனின் பட்டியல் முதலில் எடுக்கப்படுகிறது. அவன் முதலாவதாக எழுதிய இடம் இருந்தால் அது அவனுக்கு. இல்லையேல் இரண்டாவது, அதுவும் இல்லையேல் மூன்றாவது. பிறகு அடுத்த மாணவன். நம் பிள்ளையின் முறை வரும்போதும் இதுவே. ஒவ்வோர் இடத்திலும் பொதுப் பிரிவில் இருக்கிறதா, இல்லையேல் தன் வகுப்புப் பிரிவில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த வரிக்குச் செல்லும். கிடைக்காத கல்லூரி ஒன்றை மேலே எழுதியதற்காக அபராதம் ஏதுமில்லை; கீழே எழுதிய கல்லூரி, ‘என்னை ஐந்தாவதாக எழுதினாயே’ என்று கோபித்துக்கொள்வதுமில்லை. நம் பிள்ளையின் முறை வருமுன் அந்த ஐந்தாவது இடத்தை எடுத்துச் செல்லக்கூடியவர் தர வரிசையில் முந்தியவரே. அவர் நாம் எப்படி எழுதினாலும் முந்தியவர்தாம்.

நமக்குப் பழக்கமான முறையில் சொல்வோம். நூல் கிடங்குக்கு ஆளனுப்புகிறோம். 60ஆம் எண் நூல் வேண்டும். அது இல்லையானால் 40 போதும். ‘60 தட்டுப்பாடாயிற்றே, எங்கே கிடைக்கப் போகிறது’ என்று எண்ணிச் சீட்டில் 40ஐ முதலில் எழுதியனுப்பினால், கிடங்கில் 60ஆம் எண் அடுக்கடுக்காய் இருந்தாலும் 40தான் வந்துசேரும். கிடங்குக்காரர் மேல் குற்றமில்லை. சீட்டில் உள்ளபடி கொடுத்தார்.

ஆகவே, எது கிடைக்கும் என்பதைக் கொண்டு வரிசையை அமைத்தலாகாது. எது வேண்டும் என்பதைக் கொண்டே அமைத்தல் வேண்டும். இது எம் சொந்த யூகமன்று. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1962இல் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி எழுதினார்கள். அவ்வழியில் வளர்ந்த ஆராய்ச்சிகளுக்காக 2012இல் ஷேப்லிக்கும் ஆல்வின் ராத் என்பவருக்கும் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நம் கலந்தாய்வைப் போல, ஒரே தர வரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து அவரவர் பட்டியலிலிருந்து இடம் தரும் முறையில், உள்ளதை உள்ளபடி எழுதுபவனைவிடத் தந்திரமாய் எழுதுபவன் ஒருபோதும் மேலான பயன் அடைவதில்லை என்பது அத்துறையில் நிறுவப்பட்ட முடிவு. அரங்கேறிய கணக்கைவிட அண்டை வீட்டு ஆலோசனைக்கு நம்மிடையே மதிப்பு அதிகம் என்பது வேறு விஷயம்.

மேலிருந்து கீழ் வரிசை முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடம் ஒதுக்கப்பட்டவுடன் அதனை ஏற்றுச் சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டு, இதற்கு மேலே எழுதியது காலியானால் அதற்கு மாற்றித் தருமாறும் கேட்கலாம். ஒதுக்கப்பட்டவர்களுள் சிலர் மருத்துவத்துக்கோ வேறிடங்களுக்கோ போய்விடுவதால் இவ்வாறு காலியாகும் இடங்கள் உண்டு. ஆனால் மாற்றம் மேல் நோக்கியே நடக்கும். அப்பெண் மதுரையைக் கீழே எழுதியதால் இவ்வாய்ப்பும் அவளுக்கு இல்லாமற்போயிற்று.

நிற்க. மேற்பகுதியில் ஆசைக்கு இடங்கொடுத்தால் போதாது. கீழ்ப்பகுதியில் எச்சரிக்கை வேண்டும். பத்துக் கல்லூரிகளை மட்டும் எழுதி, பத்தும் கைக்கெட்டாதவையாயின் அச்சுற்றில் இடமில்லை. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருக்க, கஞ்சத்தனம் எதற்கு? சென்ற ஆண்டுகளில் எந்தப் பிரிவுக்கு எந்த மதிப்பெண் வரை இடம் போயிற்று என்பதை இயக்ககமே வெளியிடுகிறது. அதைப் பார்த்து, நம் மதிப்பெண்ணுக்கு மேலுள்ளவை சில, ஒட்டியவை பல, ஐயமின்றிக் கிடைக்கக்கூடியவை சில என்று எழுதலாம். ஆனால் எது கிடைத்தாலும் பிள்ளையை அனுப்ப மனமில்லாத கல்லூரியை ஒருபோதும் எழுத வேண்டாம்.

இனி, எதை விரும்புவது என்ற கேள்வி. இதுவே கடினமானது, கணிப்பொறி இதில் உதவாது. நம் பக்கத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் (1984), கோவிற்பட்டியில் நேஷனல் (1984), விருதுநகர்க் காமராஜ் (1998), இராஜபாளையத்தில் ராம்கோ (2013) ஆகியன அண்மையிலுள்ளவை. சற்று அப்பால் மதுரைத் தியாகராசர் (1957), காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுக் கல்லூரி (1952), திருநெல்வேலி அரசுக் கல்லூரி (1981). கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய கலசலிங்கம், 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகையால் அது இக்கலந்தாய்வில் வராது. தனியே விண்ணப்பிக்க வேண்டும். பேருந்து ஜன்னல் வழியே நாள்தோறும் பார்க்கும் கல்லூரியாயிற்றே என்று பட்டியலில் தேடிக் காணாமல் திகைத்தவர்கள் உண்டு.

பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எம் துணிபு. மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம்; நிலம் வாங்குமுன் கிணற்றை எட்டிப் பார்க்கிறோம். நான்காண்டுப் படிப்புக்கு மட்டும் விளம்பரத் தாளை நம்பிவிடுகிறோம். வாயிலில் வரவேற்பவரிடம் கேட்பதைவிட, வெளியே தேநீர்க் கடையில் நிற்கும் மூன்றாமாண்டு மாணவனிடம் கேட்பது மேல். ஆய்வகத்தில் இயந்திரத்தைத் தொட விடுகிறார்களா, ஆசிரியர்கள் ஆண்டு நடுவில் மாறிப் போகிறார்களா, தேர்வில் தவறிய பாடங்களோடு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்லும்போது, மிக உயர்ந்த சம்பளம் பெற்ற ஒருவனின் படத்தைக் காட்டுவார்கள். அப்பிரிவில் படித்த அத்தனை பேரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் நிற்பவனுக்கு என்ன சம்பளம் என்பதே நாம் கேட்க வேண்டியது. தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும் அன்று, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே தரப்படுவது. நம் பிள்ளை சேரும் பிரிவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்லூரி பெரிதா, பிரிவு பெரிதா என்ற வாதம் திண்ணைதோறும் நடைபெறுகிறது. கணக்கில் மனமில்லாத பிள்ளையைக் கணினிப் பிரிவே கதியென்று தள்ளுவது எமக்கு உடன்பாடன்று. நம் தொழிலைச் சார்ந்த படிப்புகளையும் எண்ணிப் பார்க்கலாம். துணிநூல் தொழில்நுட்பம் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியிலும் கோவை பூ.சா.கோ. கல்லூரியிலும் உண்டு. கைத்தறிக்கென்றே சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இருந்துவருகிறது. வேளாண் பொறியியலுக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தனி விண்ணப்பம். நெசவாளர் பிள்ளை நெசவையே படிக்க வேண்டுமென்று சொல்ல வரவில்லை. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத் துணி நெய்யும் விசைத்தறிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அத்துறையில் பிறர்க்கில்லாத கண் உண்டு என்பதை மறக்க வேண்டாம் என்றே சொல்கிறோம்.

பணத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. கலந்தாய்வு வழியே சுயநிதிக் கல்லூரியில் சேர்பவருக்கு, கட்டண நிர்ணயக் குழு 2017இல் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்றும், அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 ரூபாய் என்றும் வகுத்தது. நிர்வாக இடத்துக்கு இதனினும் அதிகம். அரசுக் கல்லூரிகளிலும் உதவிபெறும் பிரிவுகளிலும் மிகக் குறைவு. ஒரே கல்லூரியில் உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அருகருகே இருப்பதுண்டு. பட்டியலில் எது எது என்று பார்த்து எழுத வேண்டும். விடுதி, உணவு, பேருந்துச் செலவு இவற்றுக்குப் புறம்பு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது. அவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. உதவிபெறும் பள்ளிகள் இதில் சேரா. நம்மவர் பலர் ஏமாறுவது இங்கேதான். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010இல் ஏற்பட்டது. இதற்கான சான்றிதழை இ-சேவை மையம் வழியே வட்டாட்சியரிடமிருந்து பெற வேண்டியிருப்பதால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் சித்திரையிலேயே விண்ணப்பிப்பது நல்லது.

கலந்தாய்வு தொடங்குமுன்னரே முன்பணம் கேட்டு வீட்டுக்கு வரும் தரகர்களுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். மூலச் சான்றிதழ்களையும் கொடுக்க வேண்டாம். அவற்றைச் சரிபார்த்துத் திருப்பித் தரவேண்டுமேயன்றிக் கல்லூரிகள் கூட வைத்துக்கொள்ளலாகாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி.

மடவார் வளாகத்துப் பெண் இப்போது மூன்றாமாண்டு படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். இவ்வாண்டு அவள் தம்பியின் முறை. இம்முறையும் தாய்மாமன் வந்திருந்தார். பட்டியலை எழுதியவள் தமக்கை. முதல் வரியில் பையன் ஆசைப்பட்ட கிண்டிக் கல்லூரி. அவன் மதிப்பெண்ணுக்கு அது எட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். “எதற்கம்மா வீணாக?” என்று மாமன் கேட்டதற்கு, “இருக்கட்டும் மாமா, ஒரு வரிதானே” என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டாவது வரியில் மதுரையை எழுதினாள்.