எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கும் காலம்

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அரசின் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, தாம்பரம் அரசு மருத்துவமனையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. மருந்து கிடைத்த பின்னரும், தொற்றுள்ள குழந்தைக்கு அதனை எப்போது தொடங்குவது என்னும் வினா எஞ்சியது. அதற்கான விடை மாறிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

காத்திருத்தலின் காரணம்

வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்து என்பதாலும், பக்கவிளைவு, மருந்தெதிர்ப்பு ஆகிய அச்சங்களாலும், சி.டி.4 அணுக்கள் குறையும்வரை அல்லது நோய்க்குறிகள் தோன்றும்வரை காத்திருப்பது வழக்கமாயிருந்தது. கைக்குழந்தைகளுக்கு இவ்வளவுகோல் பொருந்தவில்லை. அவர்களுக்குச் சி.டி.4 அணுக்கள் இயல்பாகவே மிகுதி. எண்ணிக்கை போதுமானதாகத் தோன்றும்போதே நோய் முற்றிவிடக்கூடும். ஆப்பிரிக்கத் தரவுகளின்படி, சிகிச்சை பெறாத குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயதுக்குள் இறந்தனர்.

இரு ஆய்வுகள்

தென்னாப்பிரிக்காவில் 6 முதல் 12 வார வயதுடைய குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற ‘செர்’ ஆய்வின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. உடனடிச் சிகிச்சை இறப்பு இடரை 76 விழுக்காடு குறைத்தது. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் 1 முதல் 12 வயதினரிடம் நடத்தப்பெற்று, 2012இல் வெளிவந்த ‘பிரெடிக்ட்’ ஆய்வு, முன்னதாகத் தொடங்குவதற்கும் காத்திருப்பதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. இவை தம்முள் முரண்படுவன அல்ல. பின்னதில் இடம்பெற்றோர் முதலாண்டின் பேரிடரைக் கடந்து பிழைத்தவர்கள். அம்முடிவைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றிக் கூற இயலாது.

உலக சுகாதார நிறுவனம் உடனடிச் சிகிச்சைக்குரிய வயது வரம்பை 2008இல் ஓராண்டு, 2010இல் ஈராண்டு, 2013இல் ஐந்தாண்டு என உயர்த்தி, 2015இல் வரம்பையே நீக்கியது. இந்தியா 2017இல் அனைவருக்கும் சிகிச்சை என்னும் கொள்கையை ஏற்றது.

நோயறிதலின் காலம்

தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் 18 மாதம்வரை தங்கக்கூடும். ஆகவே வழக்கமான எதிர்ப்பொருள் சோதனை கைக்குழந்தைக்குத் தெளிவான விடை தராது. வைரசின் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தேவை. இச்சோதனை ஆறாம் வாரத்தில், முதல் தவணைத் தடுப்பூசி போடும் காலத்தையொட்டிச் செய்யப்படுகிறது. திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர் போன்ற ஊர்களிலிருந்து ஆய்வகம் தொலைவில் இருப்பினும், குதிகாலில் எடுத்து அட்டையில் உலர்த்திய குருதித் துளிகளை அனுப்பினால் போதும். கைக்குழந்தையுடன் தாய் ஆய்வகம்வரை செல்ல வேண்டியதில்லை. தொற்று தெரிந்தால், உறுதிப்படுத்தும் இரண்டாம் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

முடிவுரை

எப்போது தொடங்குவது என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆயினும் கருவுற்ற தாய்க்குச் சோதனை விடுபடுதல், ஆறாம் வாரச் சோதனை தள்ளிப்போதல், முடிவு வந்துசேரத் தாமதமாதல் ஆகிய ஒவ்வொன்றும் மருந்து தொடங்கும் நாளைப் பின்தள்ளுகின்றன. சிகிச்சைக் காலம் பற்றிய இனிவரும் ஆய்வுகள் இவ்விடைவெளிகளை அளந்தறிதல் வேண்டும்.