கலைவிழா மேடையும் கட்டணப் பற்றுச்சீட்டும்

மார்கழி மாதம் பிறந்துவிட்டால் மாத்தளை நகரத்துத் துணிக்கடைகளிலும் புத்தகக் கடைகளிலும் தாய்மாரின் கூட்டத்தைக் காணலாம். அரச பாடசாலைகளில் மூன்றாம் தவணைப் பரீட்சை, தேர்ச்சி அறிக்கை, ஒளிவிழா என்று நாட்கள் ஓடும். 2020 இல் கொரோனா வந்த பின்னர் சில வருடங்கள் அரச பாடசாலைகளின் கல்வியாண்டு மார்கழியில் முடியாமல் அடுத்த ஆண்டுக்குள் இழுபட்டது. ஆனாலும் எமது மனதில் வருட இறுதி என்பது மார்கழிதான். சர்வதேச பாடசாலைகளிலோ இந்த நாட்கள் இன்னும் கோலாகலமானவை. கண்காட்சி, மும்மொழிக் கலைவிழா, பாலர் வகுப்புச் சிறுவர்களுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிவித்து நடத்தும் பட்டமளிப்பு, பரிசுப் பரிமாற்றம், பெற்றோர் சந்திப்பு என நிகழ்ச்சிகள் தொடரும்.

யுத்தத்தால் பாதிக்கப்பட்டு, குடும்பத்தைத் தனியாகத் தாங்கி நிற்கும் பெண்களுடன் வேலை செய்பவள் என்ற வகையில், இந்த வருட இறுதியை நான் மேடையிலிருந்து மட்டும் பார்ப்பதில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் அடகுச்சீட்டு, நுண்கடன் புத்தகம், சீட்டுக்காசு ஆகியவற்றிலிருந்தும் பார்க்கின்றேன். "எங்கட வாழ்க்கைதான் இப்பிடிப் போச்சு, பிள்ளையாவது இங்கிலீஸ் படிக்கட்டும்" என்று சொல்லும் தாய்மார் பலர். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் ஆசைக்கு என்ன விலை, அந்த விலைக்குக் கிடைப்பது என்ன என்று கேட்கும் உரிமையும் எமக்கு உண்டு.

சர்வதேச பாடசாலை எங்கிருந்து வந்தது?

சகோதரிகளே, சர்வதேச பாடசாலை என்ற எண்ணமே ஒரு யுத்தத்தின் பின்னர் பிறந்தது என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலக யுத்தம் முடிந்ததும், இனி யுத்தம் வேண்டாம் என்று நாடுகள் கூடி உருவாக்கிய சர்வதேச சங்கம் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் இயங்கியது. அங்கு வேலைக்கு வந்த பல நாட்டவரின் பிள்ளைகளுக்காக 1924 இல் ஜெனீவா சர்வதேச பாடசாலை தொடங்கப்பட்டது. அதனை நீண்டகாலம் நடத்தியவர் மரி தெரேஸ் மொறெற் என்ற பெண் அதிபர். ஒன்றுக்கொன்று பகையாயிருந்த நாடுகளின் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்தி, இரண்டு மொழிகளைக் கற்பித்து, உலகப் படத்தை முழுதாக முன்வைத்துப் பாடம் நடத்திய தனது அனுபவத்தை அவர் 1948 இல் யுனெஸ்கோவுக்காக எழுதினார். சமாதானத்துக்கென ஒரு கற்பித்தல் முறை உண்டா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

1968 இல் அதே ஜெனீவாவில் சர்வதேச பக்கலோரியட் என்ற பரீட்சை முறை உருவாகியது. அதில் பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது. மாணவர் கலையிலும் உடற்பயிற்சியிலும் சமூக சேவையிலும் ஈடுபட வேண்டும். பின்னர் தாம் செய்ததைத் திரும்பிப் பார்த்து, எதைக் கற்றோம், எது கடினமாக இருந்தது என்று எழுதவும் வேண்டும். இன்று பல சர்வதேச பாடசாலைகள் வருட இறுதியில் சிறு பிள்ளைகளிடமும் இப்படி எழுதி வாங்குவதற்கு இதுவும் ஒரு வழிகாட்டி எனலாம்.

எமது நாட்டின் கதை வேறு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாகின. கட்டணம் அறவிடும் புதிய தனியார் பாடசாலைகளைத் தொடங்கவும் இடமில்லாமற் போனது. கொழும்பில் 1957 இல் வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலை இருந்தது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பின்னர், 1982 இல் கொழும்பு சர்வதேச பாடசாலை தொடங்கியது முதல் உள்ளூர்ப் பிள்ளைகளை நோக்கியும் இத்தகைய பாடசாலைகள் பெருகின. இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகப் பதிவு செய்யப்படுபவை. அரச பாடசாலைகள் மீது கல்வி அமைச்சுக்கு இருக்கும் நேரடி மேற்பார்வை இவற்றின் மீது இல்லை. கட்டணம் எவ்வளவு, ஆசிரியரின் தகைமை என்ன என்பவற்றைக் கம்பனியே தீர்மானிக்கின்றது. சர்வதேசம் என்ற சொல் பெயர்ப்பலகையில் இருப்பதால் மட்டும் ஜெனீவாவின் நோக்கம் உள்ளே இருக்கும் என்று நாம் நம்பிவிட முடியாது.

ஒரே மண்டபத்தில் இரு தாய்மார்

ஆனாலும் இந்தப் பாடசாலைகளில் ஒரு நன்மையை நான் கண்ணால் கண்டிருக்கின்றேன். எமது அரச பாடசாலைகள் பெரும்பாலும் மொழியால் பிரிந்தவை. தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும் சிங்களப் பிள்ளை சிங்களப் பாடசாலைக்கும் போவதால் ஒரே ஊரில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமலே வளர்கின்றனர். சர்வதேச பாடசாலையில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்கின்றனர்.

2019 மார்கழியில் மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றின் வருட இறுதி நிகழ்வுக்கு ஒரு தாயின் துணைக்காகச் சென்றிருந்தேன். அவருடைய பெற்றோர் 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மாத்தளைத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். 2009 இன் தொடக்கத்தில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் முகாமில் இருந்து, பின்னர் உறவினரைத் தேடி மீண்டும் மாத்தளைக்கு வந்தவர் அவர். வாசனைத் திரவியங்களைத் துப்புரவாக்கிப் பொதி செய்யும் இடத்தில் வேலை. வெளிநாட்டிலிருந்த தம்பி அனுப்பிய பணத்தில் மகளைச் சர்வதேச பாடசாலையில் சேர்த்திருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த சிங்களத் தாயின் கணவர் இராணுவத்தில் இருந்து யுத்தத்தில் இறந்தவர். இரு பிள்ளைகளும் ஒரே வகுப்பு. மேடையில் அவர்கள் சேர்ந்து ஆடியபோது இரு தாய்மாரும் ஒரே கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். எந்தக் கூட்டத்திலும் நாங்கள் பேசிப் பேசி உண்டாக்க முடியாத ஒரு நெருக்கத்தைப் பிள்ளைகள் சாதாரணமாக உண்டாக்கியிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் எழுதிய தாள்களைப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். இந்த வருடம் நான் கற்றது, எனக்குக் கடினமாயிருந்தது, நான் நன்றி சொல்ல விரும்புபவர் என்று மூன்று தலைப்புகள். மகள் ஒரு பக்கம் நிறைய ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தாய் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கா மிஸ்?"

நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அம்மா விடியற்காலையில் எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவதையும், வீட்டுக்கு வரும்போது அவருடைய கையில் கறுவா மணப்பதையும், அந்த மணத்தில்தான் தனக்கு நித்திரை வருமென்பதையும் பிள்ளை எழுதியிருந்தாள். நன்றி அம்மாவுக்கே என்று முடித்திருந்தாள்.

தாய் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "இத அவ தமிழ்ல எழுதியிருந்தா நானே வாசிச்சிருப்பேன் மிஸ்" என்றார்.

சமூகவியல் படித்த காலத்தில் மொழி, வர்க்கம், குடும்பம் பற்றி எத்தனையோ பக்கங்கள் வாசித்திருக்கின்றேன். இந்த ஒரு வசனம் அவற்றை விட எனக்கு அதிகம் கற்பித்தது.

கணக்குப் பார்த்தோம்

அடுத்த வாரம் அந்தத் தாய் ஒரு பொலித்தீன் பையில் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்தார். மூன்று தவணைக் கட்டணம், புத்தகம், சீருடை, வான் கூலி, கலைவிழா உடை, புகைப்படம், அடுத்த வருடத்துக்கான முற்பணம் எல்லாவற்றையும் கூட்டினோம். அவருடைய ஏழு மாதச் சம்பளத்தை விட அதிகம். தம்பியின் பணம் அந்த வருடம் ஒழுங்காக வரவில்லை. தோடு அடகில் இருந்தது. வருட இறுதி நிகழ்வுக்கு மட்டும் ஆன செலவு ஒரு மாத அரிசிக்கும் மரக்கறிக்கும் போதுமானது.

"அக்கா, முடிவு உங்கட கையில்தான். ஆனால் பிள்ளையையும் கேளுங்கோ" என்றேன். அவர் மகளுடன் பேசினார். 2020 தையில் பிள்ளை அரச தமிழ்ப் பாடசாலையில் ஆறாம் ஆண்டில் சேர்ந்தாள். இது இலகுவாக நடக்கவில்லை. முன்னைய பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரம் பெற அலைய வேண்டியிருந்தது. ஒரு தவணை முன்னறிவித்தல் கொடுக்காததால் வைப்புப் பணமும் திரும்பக் கிடைக்கவில்லை. வரலாறும் விஞ்ஞானமும் தமிழில் படிக்கப் பிள்ளை திணறினாள். பங்குனியில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்த அந்த மாதங்களில் தாய் பழைய பத்திரிகைகளைச் சத்தமாக வாசிக்க வைத்து, சொல்வதெழுதல் கொடுத்து, மகளுக்குத் தமிழ் எழுதப் பழக்கினார். பின்னர் அவள் க.பொ.த. சாதாரண தரம் வரை அரச பாடசாலையிலேயே படித்தாள். கற்ற ஆங்கிலமும் வீணாகவில்லை. அயலிலுள்ள சிறு பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கின்றாள்.

சிங்களத் தாய் தனது மகனைத் தொடர்ந்து அங்கேயே படிப்பித்தார். அவருக்குக் கணவரின் கொடுப்பனவு மாதாமாதம் வந்தது. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அதுவும். இரு குடும்பங்களும் இன்றும் பழகுகின்றன.

கேட்க வேண்டியவை

பிள்ளையைச் சர்வதேச பாடசாலையில் சேர்க்க நினைப்பவர்களும், அங்கே தொடர்ந்து படிப்பிப்பவர்களும் வருட இறுதியில் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

1. அனுமதிக் கட்டணத்திலும் வைப்புப் பணத்திலும் எது திரும்பக் கிடைக்கும்? விலகுவதானால் எத்தனை மாதங்களுக்கு முன்னர் அறிவிக்க வேண்டும்?

2. அடுத்த வருடக் கட்டணம் எவ்வளவு? கலைவிழா, சுற்றுலா, புகைப்படம் போன்றவை கட்டாயமா, விருப்பமா?

3. பிள்ளை எந்தப் பரீட்சைக்குத் தோற்றுவாள்? உள்ளூர்ப் பாடத்திட்டமானால் அவள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவே சாதாரண தரம் எழுதுவாள். இலண்டன் பரீட்சையானால் கட்டணம் வெளிநாட்டு நாணயத்தில் தீர்மானிக்கப்படும். 2022 ஆம் ஆண்டின் முதல் பாதியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது, ரூபாவில் உழைக்கும் பெற்றோர் பட்ட பாட்டை மறக்கலாகாது.

4. தமிழும் சமயமும் வாரத்துக்கு எத்தனை பாடவேளை? யார் கற்பிக்கின்றார்?

5. வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் விலகிப் போனார்கள்?

கேள்வி கேட்டால் பிள்ளையை வேறாகப் பார்ப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பணம் செலுத்துபவர் பற்றுச்சீட்டும் விளக்கமும் கேட்பது அவமரியாதை அல்ல.

அரச பாடசாலையில் படிப்பிப்பவர்கள் தம்மைத் தாழ்வாக நினைக்க வேண்டியதுமில்லை. 1980 முதல் இலவசப் பாடநூலும், 1993 முதல் இலவசச் சீருடைத் துணியும் எமது பிள்ளைகளின் உரிமையாக இருந்து வருகின்றன. தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை இருப்பது உண்மை. அதற்காகப் பெற்றோர் கூடி, அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுக்கலாம். ஒருவராகப் போகும்போது கேட்காத காது பத்துப் பேராகப் போகும்போது கேட்கும்.

வீட்டிலும் ஒரு வருட இறுதி

சர்வதேச பாடசாலையிலிருந்து நாம் பணமில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. அது அந்த மூன்று கேள்விகள். மார்கழியில் ஒரு மாலைப்பொழுது, சமையல் முடிந்த பின்னர், பிள்ளைகளுடன் பாயில் அமருங்கள். இந்த வருடம் எதைக் கற்றாய்? எது கடினமாயிருந்தது? யாருக்கு நன்றி சொல்வாய்? பிள்ளை தனக்கு வசதியான மொழியில் சொல்லட்டும், பின்னர் தமிழில் எழுதட்டும். புள்ளியைப் பற்றி அன்று பேச வேண்டாம்.

அதே கேள்விகளுக்குத் தாயும் பதில் சொல்ல வேண்டும் என்பது எனது வேண்டுகோள். யுத்தத்தில் உறவுகளை இழந்த எமக்கு வருட இறுதி இலகுவான நாளல்ல. காணாமற் போனவருக்காக இன்னொரு வருடம் காத்திருந்தோம் என்பதே பலருக்கு அந்த நாளின் கணக்கு. அதையும் பிள்ளைக்குத் தெரியாமல் மூடி வைக்கத் தேவையில்லை. அவர்களுக்கு விளங்கும் அளவில் சொல்லலாம். எழுதத் தெரியாத தாய் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். சொல்ல முடியாத அளவுக்கு மனம் பாரமாயிருந்தால் உங்கள் பகுதிப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ உளநலப் பிரிவிலோ பேசுங்கள்.

எழுதிய தாளைத் தேர்ச்சி அறிக்கையுடன் ஒரே கோவையில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, விடுகைப் பத்திரம் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். இடம்பெயர்ந்து ஓடியபோது ஆவணங்களைத் தவறவிட்டு, பின்னர் ஒரு பிரதிக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த அனுபவம் எம்மில் பலருக்கு உண்டு. 2025 கார்த்திகை இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளமும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்தைத் தாக்கியபோதும் அதே அவலத்தைக் கண்டோம். தண்ணீர் புகாத ஒரு பையின் விலை மிகக் குறைவு.

எந்தப் பாடசாலையாக இருந்தாலும், வருட இறுதியில் பிள்ளை என்ன கற்றாள் என்பதைத் தாய் தானே வாசித்து அறியக்கூடியதாக இருக்க வேண்டும். அதை உறுதி செய்துகொண்டு அடுத்த வருடக் கட்டணத்தைப் பற்றி யோசிப்போம்.