தேக்கக் கூடாத அணை

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தது 1992இல். ஈரோடு, கரூர்ப் பக்கம் சுமார் 20,000 ஏக்கர் பாசனம் பெறும் என்பது அன்றைய கணக்கு. வெள்ளியங்கிரி மலையிலிருந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிவரும் மழைவெள்ளத்தைப் பிடித்து வைத்தால் மஞ்சளும் கரும்பும் வைக்கலாம் என்று கீழ்ப்பக்கத்து விவசாயிகள் காத்திருந்தார்கள்.

வந்து சேர்ந்தது வேறு தண்ணீர். திருப்பூர் பனியன் ஏற்றுமதி ஏறுமுகமாக இருந்த காலம் அது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேலேகூட ஆகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்பு தங்காது. அலசிய தண்ணீரோடு மிஞ்சிய சாயமும் உப்பும் ஆற்றுக்குப் போயின. சிவப்பும் நீலமுமாக ஓடிய ஆற்றைத்தான் பத்திரிகைகள் படம் பிடித்தன. கிணற்றையும் தோட்டத்தையும் கெடுத்ததோ அணையில் தேங்கிய, கண்ணுக்குத் தெரியாத உப்பு.

தண்ணீர் விடு என்று வழக்குப் போட்ட விவசாயிகளை நமக்குத் தெரியும். இங்கே, அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று கேட்க வேண்டியதாயிற்று. சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது.

ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகள் வந்தது அதற்கும் பிறகு, 2015இல். சுத்திகரிக்காத கழிவுநீரின் பங்கை 2030க்குள் பாதியாக்க வேண்டும் என்கிறது 6ஆம் இலக்கு. ரசாயனக் கழிவுகளை ஒழுங்காகக் கையாள 12ஆம் இலக்கு கொடுத்த கெடு 2020. அது கடந்தே போய்விட்டது. உலக அளவில் சரியான வேகத்தில் போகும் உட்பிரிவுகள் 17 சதவீதம்தான் என்றது 2024 ஐ.நா. அறிக்கை. மிச்சமுள்ளவை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரத்துப்பாளையம் முன்கூட்டியே கிடைத்த பதில்.

திருப்பூர் மாறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. முறையில் தண்ணீரை மீட்டு, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள். செலவு பட்டறைக்காரர் தலையில். மலிவு விலைக்குப் பேரம் பேசும் வெளிநாட்டு வியாபாரிக்கு இந்த ஆற்றோடு எந்த வழக்கும் இல்லை. திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள், மழை வந்தால் நுரை பொங்குகிறது. பிரிக்க முடியாத கலவை உப்பு சுத்திகரிப்பு நிலையங்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.