ஜெர்மனியில் மாணவருக்கு ஒரு வாடகை அறை

ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் வெளிநாட்டு மாணவர் தங்குவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். மாணவர் விடுதி, சிலர் சேர்ந்து வாழும் பகிர்வு வீடு, தனி வீடு. மூன்றில் மலிவானது விடுதி. அதைப் பெரும்பாலும் நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல, ‘ஷ்டுடீரென்டன்வெர்க்’ என்ற பொது அமைப்பு. ‘மென்சா’ எனப்படும் மாணவர் உணவகத்தை நடத்துவதும் அதுவே. படிப்புக்கு ஒரு விண்ணப்பம், விடுதிக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம். சேர்க்கை கிடைத்தால் அறையும் தானாக வந்துவிடும் என்று நம்பி இறங்குபவர்கள்தான் அக்டோபர் மாதத்தில் பெட்டியோடு அலைகிறார்கள். குளிர்கால செமஸ்டர் தொடங்கும் மாதம் அது. நாட்டின் எல்லாப் பல்கலைக்கழக ஊர்களிலும் ஒரே நேரத்தில் எல்லோரும் அறை தேடுவார்கள். மியூனிக் போன்ற ஊரில் விடுதிக்கான காத்திருப்பு சில செமஸ்டர்கள்கூட நீளும். லைப்சிக், கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு ஊர்களில் வாடகையும் குறைவு, நெருக்கடியும் குறைவு. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டிய விஷயம் இது.

விடுதி கிடைக்காதவர்கள் போய்ச் சேருவது ‘வேகே’. வீட்டில் ஆளுக்கொரு அறை, சமையலறையும் குளியலறையும் பொது. ஓர் அறை காலியானால் அங்கே ஏற்கெனவே இருப்பவர்களே விளம்பரம் கொடுத்து, வருபவரோடு பேசிப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே செய்தியை நூறு பேருக்கு அனுப்பினால் நூறும் வீண். விளம்பரத்தை உண்மையிலேயே படித்தாரா என்று சோதிக்க, நடுவில் ஒரு சொல்லை ஒளித்து வைத்து, அதைப் பதிலில் குறிப்பிடச் சொல்பவர்களும் உண்டு. அரைகுறையாக இருந்தாலும் ஜெர்மன் மொழியில் நாலு வரி, என்ன படிக்கிறார், என்ன சமைப்பார், எத்தனை நாள் தங்குவார் என்ற விவரங்கள், இவை இருந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

வேகேயில் குடியேறும்போது ஒப்பந்தம் யாரோடு என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டு உரிமையாளரோடு நேராகப் போடப்படலாம். அல்லது முதல் வாடகைதாரரின் கீழே உள்வாடகையாக இருக்கலாம். உள்வாடகைக்கு உரிமையாளரின் அனுமதி தேவை. அது இல்லாமல் ஆளைச் சேர்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் சொல்லும் வாக்கியம், “தங்கிக்கொள்ளலாம், ஆனால் முகவரியைப் பதிய முடியாது.” அப்படிப்பட்ட அறை எவ்வளவு மலிவானாலும், படிக்க வந்தவருக்கு ஆகாது.

காரணம், ஜெர்மனியில் மற்ற எல்லாக் காகிதமும் முகவரியில்தான் தொங்குகிறது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊரின் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். இதற்குப் பெயர் ‘ஆன்மெல்டுங்’. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. இவர் இன்ன தேதியில் இங்கே குடியேறினார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஓர் உறுதிச் சான்றும் வேண்டும். 2015 நவம்பர் முதல் இது கட்டாயம். பதிவு முடிந்தால்தான் வரி அடையாள எண் தபாலில் வரும். பகுதிநேர வேலைக்கு அது தேவை. குடியிருப்பு அனுமதியை எந்த ஊர் அலுவலகம் கையாளும் என்பதையும் இந்த முகவரிதான் தீர்மானிக்கிறது. பெரிய நகரங்களில் பதிவுக்கு நாள் கிடைப்பதே கடினம் என்பதால், ஒப்பந்தம் கையில் வந்ததுமே இணையத்தில் நேரம் பிடித்து வைப்பது வழக்கம்.

இங்கே சின்ன விஷயம் ஒன்று பலரைக் கவிழ்க்கிறது. ஜெர்மன் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். தபால் பெட்டியில் குடும்பப்பெயர் ஒட்டியிருக்காவிட்டால் வங்கி அட்டை முதல் அரசுக் கடிதம் வரை எல்லாம் திரும்பிப் போகும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் தமிழ் மாணவர்கள், கடவுச்சீட்டில் குடும்பப்பெயராக எது அச்சாகியிருக்கிறதோ அதையே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் எழுத வேண்டும். கூப்பிடும் பெயரை எழுதினால் வேலைக்கு ஆகாது.

அடுத்தது பணம். திரையில் ஒரு மாதிரி விளம்பரம்: கால்ட்மீட்டே 380 யூரோ, நேபன்கோஸ்டன் 90, கௌட்சியோன் 1140.

கால்ட்மீட்டே வெறும் இடத்துக்கான வாடகை. நேபன்கோஸ்டன் என்பது வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் போன்றவற்றுக்கானது. இரண்டும் சேர்ந்த 470 யூரோதான் ‘வார்ம்மீட்டே’, மாதாமாதம் கட்ட வேண்டியது. மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் இதற்கு வெளியே. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் கட்டியாக வேண்டும். ஆனால் அது வீட்டுக்கு ஒன்று என்பதால் வேகேயில் பங்கிட்டுக்கொள்ளலாம்.

90 யூரோ என்று எழுதியிருப்பது வழக்கமாக முன்கூட்டி வாங்கும் தோராயத் தொகை. ஆண்டு முடிந்தபின் உண்மைச் செலவைக் கணக்கிட்டு, குறைந்தால் வாங்குவார்கள், மிஞ்சினால் தருவார்கள். குளிர்காலம் முழுக்க ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைத்தபடியே வெப்பமூட்டியை ஓடவிட்டவருக்கு அடுத்த ஆண்டு சில நூறு யூரோ பாக்கி வருவது அபூர்வமல்ல. கணக்குக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் உரிமையாளர் கணக்கை அனுப்ப வேண்டும். தன் தவறால் தாமதித்தால் பாக்கியைக் கேட்க அவருக்கு உரிமை போய்விடும்.

கௌட்சியோன் என்பது முன்பணம், சென்னையில் அட்வான்ஸ். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய காதுக்கு ஜெர்மன் சட்டம் இனிக்கும்: உச்சவரம்பு மூன்று மாத கால்ட்மீட்டே. அதையும் மூன்று சம தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. உரிமையாளர் அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்தத் தவணை உரிமை மாணவருக்கு எவ்வளவு பெரிதென்று ஒரு கணக்குப் போட்டாலே தெரியும். விசாவுக்காக முடக்கக் கணக்கில் போடும் ஆண்டுத் தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். மேலே கண்ட அறைக்கு முதல் மாதம் முழு முன்பணமும் வாடகையும் கட்டினால் 1610 யூரோ, கையில் இருக்காது. தவணையாகக் கட்டினால் 850. சாப்பாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் மாதம் ஓடும். முழுத் தொகையையும் உடனே கேட்பவரோடு வாதாடி அறையை இழப்பதும் புத்திசாலித்தனம் அல்ல என்பதால், முடக்கக் கணக்குக்கு வெளியே தனியாகக் கொஞ்சம் பணம் கொண்டுபோவதே நல்லது.

உரிமையாளர்கள் ‘ஷூஃபா’ எனும் கடன் தகுதிச் சான்றைக் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அது இருக்காது. முடக்கக் கணக்கின் உறுதிக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், ஜெர்மனியில் வாழும் ஒருவரின் பிணை உறுதி, இவற்றை அதற்குப் பதிலாக ஏற்பவர்கள் உண்டு. புரோக்கரை யார் அமர்த்தினாரோ அவரே கமிஷன் தர வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். உரிமையாளரின் புரோக்கர் மாணவரிடம் கமிஷன் கேட்க முடியாது.

மோசடி பெரும்பாலும் ஒரே கதையோடுதான் வரும். நகர மையத்தில் அழகான வீடு, நம்ப முடியாத வாடகை, உரிமையாளர் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும். சாவி வராது. வீட்டை நேரிலோ, நம்பகமான ஒருவர் மூலமோ பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. இந்தியாவிலிருந்தே முடிவு செய்ய வேண்டியவர்கள் விடுதியையோ, பதிவுக்குச் சான்று தரும் குறுகிய கால அறையையோ எடுத்துவிட்டு, அங்கே போனபின் நிரந்தர அறையைத் தேடுவது பாதுகாப்பு.

தனி வீடு எடுப்பவர்கள் கவனிக்க: ‘ஓர் அறை வீடு’ என்றால் சமையலறை, குளியலறை நீங்கலாக ஓர் அறை. தளவாடமில்லாத வீட்டில் அடுப்பும் பாத்திரத் தொட்டியும்கூட இல்லாமல் சுவர் மட்டும் இருக்கலாம்.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புப் பதிவேடு எழுதுவார்கள். சுவர்க் கீறல், தரைக் கறை, மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் ஏற வேண்டும், புகைப்படமும் எடுக்க வேண்டும். பின்னால் முன்பணம் திரும்புவது இந்தக் காகிதத்தைப் பொறுத்தது. குடியிருக்கும் காலத்தில் பெரும்பாலும் சண்டை வருவது மூன்று விஷயத்தில்: இரவு 10 மணிக்கு மேல் சத்தம், பிரிக்காத குப்பை, காற்றோட்டமின்றிச் சுவரில் படரும் பூஞ்சை. தாளிப்பு வாசனையும் ஆவியும் நிறைந்த சமையலுக்குப் பிறகு ஜன்னலை ஐந்து, பத்து நிமிடம் முழுதாகத் திறந்து மூடினால் மூன்றாவது பாதி தீரும்.

காலி செய்ய, காலவரையற்ற ஒப்பந்தத்தில் மூன்று மாத அறிவிப்பு வேண்டும். ஜூன் கடைசியில் கிளம்புகிறவரின் கடிதம் ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் உரிமையாளர் கையில் இருக்க வேண்டும். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ செல்லாது. காகிதத்தில் கையெழுத்து வேண்டும். காலவரை குறித்த ஒப்பந்தத்தை நடுவில் முறிப்பது பொதுவாக முடியாது. விடுதிக்கு அதனதன் விதி. முன்பணம் காலி செய்த மறுநாளே வராது, நிலுவைக் கணக்குக்காக ஒரு பகுதியைப் பல மாதம் நிறுத்தி வைக்கலாம். எனவே நாடு திரும்புபவர் அது வந்து சேரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாமல் வைப்பது உசிதம். முகவரிப் பதிவை நீக்கும் விண்ணப்பத்தை மட்டும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொடுக்கலாம்.