ஊருக்குப் போகலையா?

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. குடித்துக்கொண்டே கேளுங்கள்.

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒரு பையனுக்குப் பதினெட்டு வயது முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை மணி அடித்தால் எழுந்தான், மணி அடித்தால் சாப்பிட்டான். காய்ச்சல் என்றால் வார்டன் மாத்திரை கொடுத்தார். தனியாக வாழ நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் யார் வகுப்பெடுத்தார்கள்? பால் கணக்கை அம்மா சரிபார்ப்பதையும், கரண்ட் பில்லைப் பார்த்து அப்பா முணுமுணுப்பதையும் கேட்டே வளர்ந்துவிடுகிறார்கள். அந்தக் காதுவழிப் படிப்பு இவனுக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் கைவிட்டுவிடவில்லை. இல்லத்தைவிட்டு வெளியேறியவர்களுக்கு 18 முதல் 21 வயதுவரை தருகிற உதவியை, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிற்காப்பு என்கிறது. அவசியமானால் 23 வரை நீட்டிக்க 2016 மாதிரி விதிகளில் இடமுண்டு. ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தங்க வீடு, தொழிற்பயிற்சி, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்படி மாதம் 4,000 ரூபாய். ஆனால் சட்டத்தின் 46ஆவது பிரிவை நிதானமாகப் படித்தால் ஒரு சொல் உறுத்தும். பண உதவி ‘வழங்கப்படலாம்’ என்றுதான் இருக்கிறது. ‘வழங்கப்பட வேண்டும்’ என்றில்லை. திருத்தியே ஆகவேண்டிய சொல் அது.

பணம் வந்துவிட்டது என்றே இருக்கட்டும். வாடகைக்கு அறை பார்க்கப் போகிறான். “அப்பா என்ன பண்றார்? சொந்த ஊர் எது?” என்கிறார் வீட்டுக்காரர். வேலைக்கான படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம் காலியாக நிற்கிறது. போகி அன்று மேன்ஷனே வெறிச்சோடிக் கிடக்கிறது. “நீ ஊருக்குப் போகலையா தம்பி?” என்று கேட்கும் டீக்கடைக்காரர் அன்பாகத்தான் கேட்கிறார். இவனுக்குப் பதில் இல்லை.

அந்தக் கட்டத்தில் எழுத ஒரு பெயர், பொங்கலன்று போய் உட்கார ஒரு திண்ணை. வழிகாட்டி என்று நாம் பெரிதாகச் சொல்வது இதைத்தான்.

வழிகாட்டியாக இருக்க மனமிருந்தால் உங்கள் மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள். உங்களைப் பற்றி விசாரிப்பார்கள்; விசாரிக்கத்தான் வேண்டும். முதல் சந்திப்பிலேயே அவனுடைய அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்காதீர்கள். தோன்றும்போது அவனே சொல்வான். போட்டோ வேண்டாம். மாதத்துக்கு எத்தனை முறை பேச முடியும் என்று யோசித்து, அதில் பாதிக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள்.

சில வாரம் அவன் போனை எடுக்கமாட்டான். நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வந்து, கேக் வெட்டி, “அடுத்த மாசமும் வரேன்” என்று சொல்லிப் போனவர்களைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவன் அவன். நீங்களும் அப்படித்தானா என்று பார்க்கிறான். ஞாயிறு என்று சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள்.

ஒருநாள் ராத்திரி அவனே கூப்பிட்டு, “காய்ச்சலா இருக்கு, எந்த டாக்டர்கிட்ட போறது?” என்பான். போன் நம்பரை மாற்றினால், முதலில் அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.