மாகோஸ் என்னும் சொல்

மத்தேயு சுவிசேஷத்தின் 2-ஆம் அதிகாரத்தில், நட்சத்திரங் கண்டு கிழக்கினின்றும் வந்தோரைத் தமிழ் வேதாகமம் சாஸ்திரிகள் என்கின்றது. அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்திலோ, பாப்போ பட்டினத்துப் பர்யேசுவை மாயவித்தைக்காரன் என்கின்றது. கிரேக்க மூலத்தில் ஈரிடத்தும் நிற்பது மாகோஸ் என்னும் ஒரே சொல்லாம். சான்றோர்க்கும் வஞ்சகனுக்கும் ஒரு பெயர் பொருந்தியது எங்ஙனம்?

இச்சொல் பழம் பாரசீகத்தில் மகு என வழங்கியது. கி.மு. 522-இல் அரசகுமாரனென நடித்து அரியணையைக் கவர்ந்த கௌமாதனை, தரியு மன்னன் தன் பெகிஸ்தூன் மலைச்சாசனத்தில் மகு என்றே சுட்டுகின்றான். இதனால் அம்மரபினர் அனைவரும் அவனுக்குப் பகைவரெனக் கருதற்க. பெர்செபோலிஸ் நகரில் 1933-இல் கிடைத்த களிமண் ஏடுகளிலே, தேவபூசை நடத்தும் பொருட்டு இவர்களுக்குத் தானியமும் திராட்சரசமும் அளந்த கணக்கு உளது. அவ்வேடுகள் அத்தரியுவின் காலத்தனவே. மேதியரின் ஆறு குலங்களுள் இவர்களுடையது ஒன்றென்றும், இவர்களுள் ஒருவர் உடனின்றிப் பாரசீகர் பலியிடாரென்றும் ஹெரடோட்டஸ் கூறுகின்றார்.

இத்தகைய குருமாரின் பெயர் கிரேக்கர் நாவில் இழிந்தது. கப்படோக்கியா நாட்டில் இவர்கள் அவியாத் தீயின் முன்னர்க் கோற்கட்டை ஏந்தி, நாடோறும் ஒரு மணி நேரமளவு ஓதியதை ஸ்திராபோ எழுதியுள்ளார். பொருள் அறியாதான் செவிக்கு அவ்வோதல் சூனியமாகவே தோன்றும். அன்றியும் ஓதுவோர் பகைநாட்டார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே, சாபக்ளீஸின் நாடகத்தில் ஈடிபஸ் மன்னன் குருட்டு ஞானியை மாகோஸ் என்று ஏசுகின்றான். ஆயினும் பிளேட்டோவின் பெயரால் வழங்கும் அல்சிபியாடிஸ் என்னும் நூல், அவர்களது வித்தை தெய்வ வழிபாடே என்கின்றது. இழிபொருளே மேலோங்கி, ஆங்கிலத்தில் மாஜிக் என்னுஞ் சொல்லாயிற்று. நம் மொழியிலும் மந்திரம் என்னும் ஒரு சொல்லினின்றே அரசவை மந்திரியும் சுடுகாட்டு மந்திரவாதியும் தோன்றினரன்றோ!

இருபொருளுக்கு இருசொல் வேண்டுமாதலின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் செய்தது தக்கதே. ஆனால் அப்பெயரொற்றுமை நமக்குப் புலப்படாது மறைந்தது. (வந்தோர் மூவரென்பதும் அரசரென்பதும் சுவிசேஷத்தில் இல்லை, காணிக்கை மூன்றாதலின் மூவரென எண்ணினர் போலும்.)

இந்தியாவிலும் இச்சொல் மதிப்பிழக்கவில்லை. சூரியன் படிமத்தைப் பிரதிட்டை செய்தற்குரியோர் மகரென்று வராகமிகிரர் பிருகத்சம்ஹிதையில் விதிக்கின்றார். மகுக்களின் தலைவன் எனப் பொருள்படும் பழஞ்சொல் திரிந்து மோபெத் என்றாயது. பம்பாயிற் பார்சியரின் அக்கினி ஆலயங்களில் தீ வளர்க்கும் குருமார்க்கு இன்றும் அதுவே பெயர்.