கரமனை வீட்டில் மகளின் பங்கு

திருவனந்தபுரத்தின் கரமனை அக்கிரகார வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்து நிற்பவை. முகப்பு குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் அமைந்த அவ்வீடுகளைக் குறுக்கே சுவர் எழுப்பிப் பிரிப்பது எளிதன்று. முன்பு மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இன்று முதிய தாயார் மட்டும் இருப்பார். மகன்களில் ஒருவர் பெங்களூரில், மற்றவர் வெளிநாட்டில், மகள் சென்னையில். அத்தகைய வீட்டைப் புதுப்பிக்க மூத்த மகன் கடன் கேட்டு வங்கிக்கு வரும்போது, 'சகோதரியும் கையொப்பமிட வேண்டும்' என்ற பதில் அவரைத் திகைக்கச் செய்கிறது. திருமணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே புகுந்த வீடு சென்றவருக்கு இதில் என்ன தொடர்பு என்று அவர் வினவுவது இயல்பே.

விடை 1976 டிசம்பர் 1 அன்று தொடங்குகிறது. கேரள இந்து கூட்டுக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. இந்தியாவின் பிற மாநிலங்களில் இன்றும் நிலவும் இந்து கூட்டுக் குடும்பம் என்னும் சட்ட அமைப்பைக் கேரளம் அன்று ஒரே வீச்சில் நீக்கியது. பிறப்பினாலேயே முன்னோர் சொத்தில் உரிமை கோரும் வழி அடைபட்டது. மிதாட்சர முறையைப் பின்பற்றிய குடும்பங்களில், அன்றைய தினமே பாகப்பிரிவினை நடந்துவிட்டதாகக் கொண்டு, பங்காளிகள் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குத் தனி உரிமையாளர் ஆயினர். வீட்டில் ஒரு செங்கல்லும் அசையவில்லை, பத்திரமும் எழுதப்படவில்லை.

மருமக்கள் வழியைப் பின்பற்றிய தறவாடுகளுக்கு இது விடுதலையாகவே அமைந்தது. அங்கே ஆண், பெண் என்ற பேதமின்றித் தலைக்கு ஒரு பங்கு கிடைத்தது. (நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் அம்முறையினின்று விடுபடும் வழியை 1926லேயே திருவிதாங்கூர் அரசின் சட்டத்தால் பெற்றிருந்தனர். அம்முறையின் துயரங்களைக் கவிமணி 'மருமக்கள் வழி மான்மியம்' நூலில் எள்ளலோடு பாடியிருப்பதை நம் வாசகர் பலர் அறிவர்.) ஆனால் மக்கள் வழியைப் பின்பற்றிய தமிழ்க் குடும்பங்களில் 1976ஆம் ஆண்டின் பங்காளிகள் ஆண்கள் மட்டுமே. முற்போக்கான சட்டம் என்று போற்றப்பட்ட ஒன்று, அந்த வீடுகளின் மகள்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியது என்றே சொல்ல வேண்டும்.

பின்னர் 2005 செப்டம்பர் 9 முதல், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் திருத்தம் மகளையும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11 அன்று வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. எனினும், கூட்டுக் குடும்பமே இல்லாத கேரளத்தில் பங்காளி உரிமை எங்கிருந்து வரும் என்ற வாதமே இங்கு நெடுங்காலம் மேலோங்கியிருந்தது. 2025 ஜூலை 7 அன்று கேரள உயர் நீதிமன்றம் இதனை மாற்றியது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3, 4ஆம் பிரிவுகள் மத்தியச் சட்டத்துக்கு முரணானவை. 2004 டிசம்பர் 20க்குப் பின் இறந்த இந்துவின் மகளுக்கு முன்னோர் சொத்தில் சமபங்கு உண்டு என்று அத்தீர்ப்பு கூறுகிறது.

வேறுபாட்டை ஒரு கணக்கு உணர்த்தும். 48 லட்சம் ரூபாய் மதிப்புள்ள முன்னோர் வீடு. தந்தை, தாய், இரு மகன்கள், ஒரு மகள். தந்தை உயில் எழுதாமல் 2010இல் காலமானார் என்று கொள்வோம். பழைய கணக்கின்படி தந்தைக்கும் மகன்களுக்கும் 1976லேயே ஆளுக்கு 16 லட்சம். தந்தையின் 16 லட்சம் மட்டுமே நால்வருக்கும் பிரியும். மகளுக்குக் கிடைப்பது 4 லட்சம், மகன் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம். புதிய கணக்கில் பங்காளிகள் நால்வர், ஆளுக்கு 12 லட்சம். தந்தையின் 12 லட்சம் நால்வருக்கும் பிரிய, மகளுக்கும் மகன்களுக்கும் தலா 15 லட்சம் சேரும். தாயின் பங்கோ 4 லட்சத்திலிருந்து 3 லட்சமாகக் குறைகிறது. இதனை எவரும் அதிகம் பேசுவதில்லை.

இத்தீர்ப்பைக் கண்டவுடன் பழைய கணக்குகளை எல்லாம் கிளற இயலாது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருப்பின் அது நிலைக்கும். தீர்ப்பு தனி நீதிபதி வழங்கியது. மேல் அமர்வுகள் இதனை ஆராயக்கூடும். மேலும், 'பாட்டனார் வீடு' என்று நாம் அழைப்பது எல்லாம் சட்டப்படி முன்னோர் சொத்து ஆகிவிடாது. பாட்டனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956 ஜூன் 17க்குப் பின் உயிலின்றி இறந்திருந்தால், தந்தைக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்தே. அது தந்தையின் காலத்துக்குப் பின் தாய்க்கும் மகன், மகள் அனைவருக்கும் சமமாகச் சேரும். ஆகவே முதலில் தேட வேண்டியது மூல ஆதாரத்தை.

நாகர்கோவில் பக்கம் வயலும் கரமனையில் வீடும் உடைய குடும்பங்கள் நம் வாடிக்கையாளரில் பலர். கேரளத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் மாநில எல்லையோடு நின்றுவிடுவதால், எல்லைக்கு அப்பாலுள்ள வயலுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கு 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நேரடியாகப் பொருந்தும். ஒரே குடும்பத்தின் இரு சொத்துகளுக்கும் இருவகைப் பத்திரச் சோதனை தேவைப்படுவது இதனால்தான்.

இனி வங்கியின் கேள்விக்கு வருவோம். கூட்டுக் குடும்பம் நிலவும் இடங்களில், குடும்பத்தின் தேவைக்காகக் கர்த்தா ஒருவரே சொத்தை அடமானம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. கேரளத்தில் கர்த்தா இல்லை, பங்குரிமையாளர்களே உளர். வீட்டு வரி ரசீது மூத்த மகன் பெயரில் இருப்பது முழு உரிமைக்குச் சான்றாகாது. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும், 'எனக்கு வேண்டாம் அண்ணா' என்ற சொல் போதாது. பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் பங்குதாரர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் வழியாக இதனைச் செய்யலாம். தாயார் நலமோடு இருக்கும்போதே அனைவரும் கூடி இதனை முடித்தவர்களுக்குக் கடன் விரைவில் கிடைப்பதை எந்தக் கிளையிலும் காணலாம்.

வைப்புத்தொகையிலும் இதே குழப்பம் உண்டு. நியமனதாரராக மகனைக் குறித்துவிட்டால் பணம் அவனுக்கே என்று பலர் நம்புகின்றனர். நியமனதாரர் வங்கியிடமிருந்து தொகையைப் பெற உரிமையுடையவர், அவ்வளவே. அத்தொகை வாரிசுகளுக்கு உரியது என்று நீதிமன்றங்கள் உறுதிப்படுத்தியுள்ளன. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு என்பதையும் குறிக்கலாம். பெட்டகங்களுக்கு ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நியமிக்க இயலும். மகளுக்கும் உரிய பங்கு சேர வேண்டும் என்று கருதும் பெற்றோர் அப்படிவத்தில் அவர் பெயரையும் எழுதலாம். ஆனால் தொகை இறுதியில் யாருக்கு உரியது என்பதை உயிலே தீர்மானிக்கும்.